பார்சல் கட்டியவருக்கு டிப்ஸ் உண்டா? - ஒரு இனாமின் கதை

சொந்த ஊரை விட்டு மைசூரில் குப்பை கொட்டும் ஒரு வங்கி ஆபீசர் வீட்டுக்கு, தசரா சமயத்தில் வருகிற விருந்தாளிகளுக்குக் குறைவே இல்லை. அதில் பாதிப்பேர் வெளிநாட்டுச் சொந்தங்கள். வந்தவர்களுக்கு நஜர்பாத் மைலாரி தோசை வேண்டும், குரு ஸ்வீட் மார்ட் மைசூர்பாக் வேண்டும், ராத்திரிக்கு எங்கிருந்தாவது பார்சல் வேண்டும். அந்தப் பார்சல் கவுண்டரில்தான் வருஷா வருஷம் ஒரே கேள்வி வருகிறது. "அத்திம்பேர், இங்க பார்சலுக்கு டிப்ஸ் கொடுக்கணுமா?"

அமெரிக்காவில் இருந்து வந்தவர் கொடுத்தே தீரணும் என்கிறார். அங்கே ஒரு காபி வாங்கினாலும் கடைக்காரர் திரையை நம் பக்கம் திருப்பி 18, 20, 25 சதவீதம் என்று காட்டுகிறாராம். சிங்கப்பூர்க்காரர், உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லிலேயே 10% சர்வீஸ் சார்ஜ் வந்துவிடும், பார்சலுக்கு எதற்கு என்கிறார். ஜப்பானில் இருந்து வந்த பையன் டிப்ஸே ஒரு மாதிரி அவமரியாதை என்கிறான். ஊரில் இருந்து வந்த பெரியப்பா மட்டும், "கட்டின பையனுக்குக் காபி குடிக்க ஏதாவது குடுடா" என்கிறார்.

நாலு பேரும் சொல்வது அவரவர் ஊருக்குச் சரி. ஏன் சரி என்று தெரிய வேண்டும் என்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் படித்தது பி.காம்.தான், வரலாறு இல்லை. ஆனால் இது காசு யார் பையில் இருந்து யார் பைக்குப் போகிறது என்கிற வரலாறு. அந்த வகையில் நம்ம டிபார்ட்மெண்ட்தான் :-)

இனாம் என்ற சொல்

டிப்ஸ் என்ற வார்த்தை வரும் முன்பே நம்மிடம் ஒரு வார்த்தை இருந்தது: இனாம். அரபியில் இருந்து வந்தது, கொடை என்று அர்த்தம். தமிழிலும் கன்னடத்திலும் ஒரே மாதிரி புழங்குகிற சொல். கூடவே பாரசீகத்தில் இருந்து பக்‌ஷீஸ் வந்தது. சன்மானம், வெகுமதி எல்லாம் பெரிய மனிதர்களுக்கு.

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு இனாம் என்பது இன்னும் உயிரோடு இருக்கிற வார்த்தை. மைசூர் பக்கம் நிலத்தை அடமானம் வைத்துக் கடன் கேட்டு வருகிறவர்களின் மூலப் பத்திரத்தைப் புரட்டினால், எங்கேயாவது ஒரு மூலையில் "இனாம்", "ஜோடி கிராமம்" என்று தலைகாட்டும். ராஜா ஒருவருக்கு வரி இல்லாமலோ, ஜோடி என்ற சின்னத் தொகை மட்டும் கட்டும்படியோ நிலத்தைக் கொடுத்தார் என்று பொருள். அறிஞருக்கு, கோயிலுக்கு, மடத்துக்கு, படைவீரருக்கு என்று பல வகை.

அதில் ஒரு வகையைக் கவனியுங்கள். ஊர்க் காவலர் தளவாரி, ஏரி மடையைத் திறந்து மூடும் நீருகண்டி, தோட்டி - இவர்களுக்கும் இனாம் நிலம் உண்டு. பெயர்தான் கொடை. உண்மையில் அது செய்கிற வேலைக்குக் கூலி. கூலியை இனாம் என்று பெயரிட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த வேலையை அப்பன், மகன், பேரன் என்று செய்துகொண்டே இருக்க வேண்டும். வேலையை விட்டால் நிலமும் போச்சு. கைநீட்டி வாங்கியவர் என்பதால் எதிர்த்துப் பேசவும் முடியாது.

சுதந்திரத்துக்குப் பிறகு இதற்கெல்லாம் சட்டம் வந்தது. மைசூர் மாகாணத்தில் 1954ல் தனிநபர் மற்றும் இதர இனாம்களை ஒழிக்கும் சட்டம். 1961ல் பரம்பரை கிராம உத்தியோகங்களை ஒழிக்கும் சட்டம். ராஜா காலத்து இனாம் நிலத்தின் கதை அத்தோடு முடிந்தது. ஆனால் இனாம் என்ற பழக்கம் முடியவில்லை. அது வேறு வேறு வேஷத்தில் நம்மிடையே இருக்கிறது. எனக்குத் தெரிந்து மூன்று வேஷம்.

முதல் வேஷம்: மாமூல்

மாமூல் என்றால் அரபியில் வழக்கமானது என்றுதான் பொருள். "மாமூலா வர்ற கஸ்டமர்" என்று இன்றும் சொல்கிறோமே, அதே அர்த்தம். யாரோ ஒருவர் சந்தோஷமாகக் கொடுத்தது, அடுத்த வருஷம் எதிர்பார்க்கப்பட்டது, அதற்கடுத்த வருஷம் கேட்டு வாங்கப்பட்டது, கடைசியில் கொடுக்காவிட்டால் வேலை நடக்காது என்று ஆனது. இப்போது மாமூல் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது லஞ்சம்தான். வார்த்தை மாறவில்லை. கொடுக்காமல் இருக்கும் உரிமை மட்டும் பறிபோயிற்று.

இரண்டாம் வேஷம்: போனஸ்

இது நல்ல பிள்ளையாக வளர்ந்த இனாம். முதல் உலகப் போர் சமயத்தில் பம்பாய் பஞ்சாலைகளுக்கு நல்ல லாபம். 1917ல் முதலாளிகள் சம்பளத்தில் 10% போர் போனஸ் என்று கொடுத்தார்கள். 1918ல் 15% ஆக்கினார்கள். 1923ல் லாபம் குறைந்ததும் நிறுத்திவிட்டார்கள். தொழிலாளர்கள் 1924 ஆரம்பத்தில் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். விசாரித்த கமிட்டி, இது முதலாளிகள் விரும்பிக் கொடுத்தது, கேட்டு வாங்கும் உரிமை சட்டப்படி இல்லை என்று சொல்லிவிட்டது.

அதோடு விடவில்லை. கோர்ட், டிரிப்யூனல், போராட்டம் என்று நாற்பது வருஷம் போனது. 1965ல் போனஸ் சட்டம் வந்தது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் குறைந்தபட்சம் 4% என்றார்கள், பிறகு 1972ல் அது 8.33% ஆனது, அதாவது ஒரு மாதச் சம்பளம். தீபாவளிக்கு முதலாளி பார்த்துக் கொடுத்த இனாம், கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்ட கடன் ஆகிவிட்டது.

மூன்றாம் வேஷம்: டிப்ஸ்

மூன்றாவது பிள்ளை இரண்டும்கெட்டான். மாமூலும் இல்லை, உரிமையும் இல்லை. இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபுக்கள் வீட்டு விருந்துக்குப் போனவர்கள் கிளம்பும்போது, வேலைக்காரர்கள் வாசலில் நிற்பார்களாம். ஒவ்வொருவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். விருந்து சாப்பிட்ட செலவை விட இந்தச் செலவு ஜாஸ்தி என்று விருந்தாளிகள் புலம்ப, 1760களில் பிரபுக்கள் கூடி இதை ஒழிக்கப் பார்த்தார்கள். லண்டனில் வேலைக்காரர்கள் கலாட்டா செய்தார்கள். சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் கலாட்டா எதற்கு?

ஐரோப்பா சுற்றப் போன அமெரிக்கப் பணக்காரர்கள் இந்தப் பழக்கத்தை ஊருக்கு எடுத்துப் போனார்கள். அங்கே 1865ல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகளாக இருந்தவர்கள் விடுதலை ஆகியிருந்த நேரம். 1867ல் தொடங்கிய புல்மேன் ரயில்பெட்டிக் கம்பெனி, தூங்கும் வசதி கொண்ட பெட்டிகளில் கறுப்பினத்தவர்களைப் போர்ட்டர்களாக வைத்தது. சம்பளம் கொஞ்சம், மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள் என்கிற ஏற்பாடு. பயணிகள் அவர்களைச் சொந்தப் பேரைச் சொல்லிக்கூட கூப்பிடுவதில்லை. முதலாளி பேர் ஜார்ஜ் புல்மேன், அதனால் எல்லாப் போர்ட்டரும் "ஜார்ஜ்"! இவர்கள் 1925ல் சங்கம் வைத்து, பன்னிரண்டு வருஷம் போராடி, 1937ல்தான் கம்பெனியோடு ஒப்பந்தம் போட முடிந்தது.

டிப்ஸ் ஜனநாயகத்துக்கு ஆகாது என்று அமெரிக்கர்களே எதிர்த்ததும் உண்டு. 1909ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸுக்குத் தடை போட்டது. இன்னும் சில மாநிலங்கள் பின்னாலேயே வந்தன. 1926க்குள் எல்லாத் தடையும் வாபஸ்.

1966ல் அங்கே ஹோட்டல் ஊழியர்களைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது ஒரு விநோதம் செய்தார்கள். வாடிக்கையாளர் தரும் டிப்ஸை, முதலாளி தான் தர வேண்டிய கூலியில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். மத்திய சட்டப்படி மணிக்கு 7.25 டாலர் குறைந்தபட்சக் கூலி. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டியது 2.13 டாலர்தான். இந்த 2.13 என்பது 1991ல் இருந்து அசையவே இல்லை. மீதி 5.12 டாலர் டிப்ஸில் வராவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். ஆக அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு டிப்ஸ் வைக்காமல் எழுந்து வருவது ஏன் பாவமாகப் பார்க்கப்படுகிறது என்று புரிகிறதா? நீங்கள் வைப்பது இனாம் இல்லை, முதலாளி கொடுக்காமல் விட்ட கூலி.

பார்சலுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. முதலாளி இப்படிக் கழித்துக்கொள்ள வேண்டும் என்றால் அந்த ஊழியர் வழக்கமாக மாதம் 30 டாலருக்கு மேல் டிப்ஸ் வாங்குகிறவராக இருக்க வேண்டும். கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா - இந்த ஏழு மாநிலங்களில் கழிக்கவே முடியாது, முழுக் கூலி கொடுத்தாக வேண்டும். சியாட்டிலிலும் சான்ஹோசேயிலும் இருக்கிற நம்ம ஆட்கள், திரையில் வரும் 25%ஐப் பார்த்துக் குற்ற உணர்ச்சியில் விரலை நடுக்க வேண்டியதில்லை.

மைசூர் ஹோட்டல் வழக்கு

சரி, நம்மூருக்கு வருவோம். இந்தியாவில் டிப்ஸ் கூலியா இல்லையா என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. அதில் ஒரு வழக்கு நம்ம மைசூர் வினோபா ரோட்டில் இருக்கும் ஹோட்டலுடையது. அப்போது அதன் பெயர் குவாலிட்டி இன் சதர்ன் ஸ்டார்.

விஷயம் இதுதான். ஹோட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜ் வாங்கி, அதை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன், இதுவும் சம்பளம்தானே, இதன் மேலும் சந்தா கட்டுங்கள் என்றது. ஹோட்டல் மறுத்தது. வழக்கு டெல்லி வரை போனது. நேரடி டிப்ஸுக்குப் பதிலாக வாங்கிக் கொடுக்கப்பட்ட பணம் இது, ஈ.எஸ்.ஐ. சட்டப்படி சம்பளம் ஆகாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2008ஆம் ஆண்டு தீர்ப்புத் தொகுப்பில் இது இருக்கிறது.

இதற்கு முன்பே 1976ல் ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஹோட்டல் வழக்கில் இதே போக்கில் கோர்ட் பேசியிருந்தது: இது முதலாளி பையில் இருந்து வருவதில்லை, வாடிக்கையாளரிடம் இருந்து ஊழியருக்குக் கைமாறுவது. 2016ல் ஐ.டி.சி. வழக்கு வருமான வரி பற்றியது. கார்டில் வரும் டிப்ஸ் முதலாளி கணக்கில் விழுந்தாலும் அவர் அதை ஊழியர் சார்பில் நம்பிக்கைப் பொறுப்பில்தான் வைத்திருக்கிறார், அது சம்பளம் இல்லை, அதனால் சம்பளத்துக்கான டி.டி.எஸ். பிடிக்க வேண்டியதில்லை என்றார்கள்.

படிக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. கொடுப்பது நாம், வாங்குவது ஊழியர், முதலாளி நடுவில் போஸ்ட்மேன். ஆனால் பேரேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சம்பளம் இல்லை என்றால், சம்பளத்தோடு சேர்ந்து வருகிற எதுவும் அதற்குக் கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஹோட்டல் ஊழியருக்குச் சம்பளம் மாதம் 14,000, டிப்ஸ் 3,000 என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 17,000. அவருக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்துவிட்டார். ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்காலப் பணம் சம்பளத்தில் 70%, வருஷத்துக்கு 91 நாட்கள் வரை. 14,000க்கு 70% என்றால் 9,800. அதே 17,000மும் சம்பளமாக இருந்திருந்தால் 11,900. மாதம் 2,100 ரூபாய் வித்தியாசம், அதுவும் படுத்த படுக்கையாக இருக்கும்போது. பி.எஃப்.பிலும் இதே கதை. டிப்ஸ் நல்லா ஓடுகிற காலத்தில் ஓடும். உடம்பு முடியாதபோதும் வயசான காலத்திலும் கூட வராது.

அதனால்தான் சொல்கிறேன், "டிப்ஸ் நல்லா வரும்" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்துப் பேசுகிற இடம் எந்த ஊரில் இருந்தாலும் அது பழைய இனாம் நில வியாபாரம்தான்.

தர்ஷினி செய்த வேலை

கர்நாடகத்தில் டிப்ஸ் வரலாற்றில் இன்னொரு திருப்பம் உண்டு. பழைய உடுப்பி ஹோட்டலில் மேஜை, சப்ளையர், பில், சோம்புத் தட்டு, அதில் மிச்சம் வைக்கிற சில்லறை எல்லாம் இருந்தது. 1983ல் பெங்களூர் ஜெயநகரில் ஆர். பிரபாகர் என்பவர் கஃபே தர்ஷினி என்று ஒன்று ஆரம்பித்தார். முதலில் கல்லாவில் காசு, டோக்கன், கவுண்டரில் நீட்டினால் கண்ணெதிரே தோசை, நின்றுகொண்டே சாப்பிட வேண்டியது. அந்தப் பாணி மாநிலம் முழுக்கப் பரவி, மைசூரிலும் தெருவுக்குத் தெரு தர்ஷினி.

தர்ஷினியில் சப்ளையர் கிடையாது. எனவே டிப்ஸும் கிடையாது. சாப்பிடும் முன்பே காசு கொடுத்தாயிற்று, திருப்திப்பட்டுக் கொடுக்க வேண்டியவரும் இல்லை, வாங்க வேண்டியவரும் இல்லை. யாரும் யாரையும் குறைவாக நினைப்பதில்லை. விலையும் குறைவு. பார்சல் கவுண்டர் என்பது இந்தத் தர்ஷினியின் தங்கச்சி. முதலில் காசு, பிறகு பொட்டலம். மைசூரில் பார்சலுக்கு டிப்ஸ் என்ற வழக்கம் வேர்விடாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு மூதாதை உண்டு. மெஸ் வாசலில் "எடுப்புச் சாப்பாடு கிடைக்கும்" என்று போர்டு இருக்குமே, அதுதான். கேரியரை நாமே கொண்டுபோய் வாங்கினால் சாப்பாட்டுக்கு மட்டும் காசு. வீட்டுக்கு எடுத்து வருகிற ஆளுக்குத் தினமும் டிப்ஸ் கிடையாது, தீபாவளிக்கு வேட்டியோ காசோ உண்டு. தினப்படிக் கூலி தனி, பண்டிகை இனாம் தனி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஒரு தெளிவு அதில் இருந்தது.

சில்லறை போன பிறகு

2016ல் யூ.பி.ஐ. வந்தது. வங்கிக்காரனாக அதைக் கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். ஆனால் 137 ரூபாய் பில்லுக்கு 150 கொடுத்து, மீதி 13ஐ "வச்சுக்கோப்பா" என்று சொல்கிற வழி அதோடு அடைபட்டது. இப்போது 137 என்றால் 137தான்.

சிலர் க்யூ.ஆரில் 150 போட்டுவிட்டு, மீதி பார்சல் கட்டின பையனுக்கு என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். நண்பர்களே, அந்த க்யூ.ஆர். முதலாளியின் கரண்ட் அக்கவுண்ட். 150 ரூபாயும் அங்கேதான் வரவு. நல்ல முதலாளி எடுத்துக் கொடுப்பார். கொடுத்தாரா என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. பிரிட்டனில் இதற்காகவே சட்டம் போட்டு, 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸ் முழுவதையும் ஊழியர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். இங்கே டிப்ஸுக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை.

பார்சல் பில்லில் "பேக்கிங் சார்ஜ்" என்று 10 ரூபாய் இருந்தால் அது டப்பாவின் விலை, கட்டியவருக்குப் போவதில்லை. சர்வீஸ் சார்ஜ் என்று இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். இங்கே ஒரு ஹோட்டலில் (பேர் வேண்டாம்) மேஜையைக்கூடத் தொடாத என் பார்சலுக்கும் 5% போட்டிருந்தார்கள். எடுக்கச் சொன்னேன், எடுத்தார்கள். 2022 ஜூலை 4ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 மார்ச் 28ல் டெல்லி ஹைகோர்ட் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பு சொன்னது. கேட்டும் எடுக்காவிட்டால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

அப்ப கொடுக்கணுமா, வேண்டாமா?

மைசூரில் பார்சலுக்கு டிப்ஸ் கடமை இல்லை. கொடுக்காமல் வந்தால் யாரும் முறைக்க மாட்டார்கள். அடுத்த தடவை உங்கள் சட்னி குறையாது. அந்த நிலைமையைக் காப்பாற்றுவது நம் பொறுப்பும்கூட. டாலர் கணக்கில் யோசித்து ஒவ்வொரு தடவையும் 100, 200 என்று நீட்டினால், நமக்குப் பின்னால் கியூவில் நிற்கிற உள்ளூர் வாத்தியாருக்கும் ஆட்டோக்காரருக்கும் அது நாளைக்கு மாமூல் ஆகிவிடும்.

அதே சமயம் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருபது பேருக்கு டிபன் கட்டச் சொல்லி, சாம்பார் சிந்தாமல் ஒவ்வொரு டப்பாவாகச் சரிபார்த்து ஒருவர் ஆட்டோ வரை தூக்கி வந்து வைத்தால், அது வழக்கத்துக்கு மேற்பட்ட வேலை. மழை ராத்திரியில் கடை மூடும் நேரத்தில் நமக்காக அடுப்பை மறுபடி பற்றவைத்தால் அதுவும் அப்படித்தான். கையில் ரொக்கமாக, அவரிடமே கொடுங்கள். மாமூலாகப் போகிற கடை என்றால் ஆயுத பூஜைக்கோ தீபாவளிக்கோ ஒரு தொகை கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான். இருபதும் முப்பதும் வருஷம் முழுக்கச் சிதறுவதை விட, பண்டிகைக்கு முன்னால் சேர்ந்து வரும் ஐந்நூறு ரூபாய்க்கு மதிப்பு அதிகம் என்பது என் அனுபவம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒரே ஒரு விஷயத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்: அந்த ஊரில் அந்த ஊழியருக்கு முழுக் கூலி கிடைக்கிறதா, இல்லை உங்கள் டிப்ஸைக் கழித்துக்கொண்டு கொடுக்கிறார்களா? கழிக்கிறார்கள் என்றால் முகம் சுளிக்காமல் வையுங்கள், அது அவர் உழைப்புக்கு வர வேண்டிய காசு. முழுக் கூலி என்றால் உங்கள் இஷ்டம்.

இனாம் இனாமாகவே இருக்க இரண்டு விஷயம் வேண்டும். கொடுக்காதவரை யாரும் தண்டிக்கக் கூடாது. வாங்குபவர் அதை நம்பிப் பிழைக்கிற நிலை இருக்கக் கூடாது. முதலாவது போனால் மாமூல். இரண்டாவது போனால் நீருகண்டியின் நிலம்.

உங்க ஊர்ல எப்படி? அடுத்த தசராவுக்கு வரும்போது சொல்லுங்க, பார்சல் என் செலவு.